திரும்பி வர ஒரு சிறு கோடு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கட்டளைகளை எழுத்தில் அடித்துக் கணினியை இயக்கும் டெர்மினல் பற்றிய உங்கள் கட்டுரையில், ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போக உதவும் சிடி (cd) கட்டளையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், நாள் முழுக்க அதிலேயே கிடக்கிற எனக்கு அது போதவில்லை. ஆறு அடுக்கு உள்ளே ஒரு ஃபோல்டரில் வேலை, நடுவில் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைப் பார்க்க வேறெங்கோ போகிறேன், திரும்பி வர முழுப் பாதையையும் மறுபடி அடிப்பேன். இப்படியே பல வருடம் ஓடியது. பிறகுதான் தெரிந்தது, சிடி அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு (-) போட்டால் முன்பிருந்த இடத்துக்கே திரும்பிவிடும், மறுபடி போட்டால் மறுபடி அங்கே. ரிமோட்டில் முந்தைய சேனலுக்குத் தாவுகிற பட்டன் மாதிரிதான்.

இரண்டுக்கு மேல் இடங்கள் என்றால் புஷ்டி (pushd), பாப்டி (popd) என்ற கட்டளைகள் இருக்கின்றன. முதலாவது இருக்கும் இடத்தைக் குறித்துவைத்துவிட்டு வேறிடம் போகும், இரண்டாவது குறித்த இடத்துக்குத் திரும்பும். டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்களில் பழையதான சி ஷெல் காலத்துச் சரக்கு, பாஷ் என்ற ஷெல்லிலும் ஓடும்.

அப்புறம் ஸாக்ஸைட் (zoxide) என்ற தனிக் கருவி. அடிக்கடி போகும் இடங்களை நினைவில் வைத்து, பெயரில் ஒரு துண்டைக் கொடுத்தாலே கொண்டுபோய் விடுகிறது. வசதிதான், ஆனால் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருந்தால் அது எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை அப்படித் தாவி, பார்க்காமல் ஆர்எம் (rm) என்ற அழிக்கும் கட்டளையை அடித்தேன். போனது பேக்கப் ஃபோல்டர். இப்போதெல்லாம் எதையும் அழிக்கும் முன், எந்த ஃபோல்டரில் இருக்கிறேன் என்று காட்டும் பிடபிள்யூடி (pwd) கட்டளையை அடிக்காமல் இருப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்