டிரஸ்ட் கணக்கில் முனிசிபல் பாண்டுகள்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரிக் கணக்குக்காக நீங்கள் அனுப்பும் டிரஸ்ட் ஸ்டேட்மென்ட்டுகளைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் கேட்கும் கேள்வி இது: "பேங்க் தானே அண்டர்ரைட் செய்த பாண்டை நம் பிள்ளைகளின் டிரஸ்ட்டிலும் வாங்கிப் போடலாமா?" அண்டர்ரைட் என்றால் புதிதாக வெளியாகும் பாண்டை மொத்தமாக எடுத்து மற்றவர்களுக்கு விற்பது; இங்கே டிரஸ்ட்டை நிர்வகிக்கும் டிரஸ்டியும் அதே பேங்க்தான். நிபந்தனைகளோடு போடலாம். அவற்றில் பெரிய நிபந்தனை உங்கள் கையெழுத்தைப் பொறுத்தது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

பேங்க் தான் விற்க வேண்டிய பாண்டைத் தானே நிர்வகிக்கும் டிரஸ்ட்டுக்கு வாங்குவதுதான் சிக்கல். அமெரிக்க டிரஷரி பத்திரங்களில் இது அநேகமாக இல்லை. அவை ஏலத்தில் விற்கப்படுகின்றன; 100 டாலர் இருந்தால் டிரஷரி டைரக்ட் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே வாங்கலாம். மாநிலம், கவுண்டி, பள்ளி மாவட்டம் வெளியிடும் முனிசிபல் பாண்டுகள் வேறு. 1933-இன் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் வங்கிகளைப் பங்கு வெளியீட்டுத் தொழிலிலிருந்து விலக்கியபோதும், வரி வசூலை ஈடாகக் கொண்ட அரசுக் கடன் பத்திரங்களை விட்டுவைத்தது. தண்ணீர்க் கட்டணம், சுங்கக் கட்டணம் போன்ற வருமானத்தை நம்பிய பாண்டுகளையும் 1999-இல் வந்த சட்டம் போதிய மூலதனமுள்ள வங்கிகளுக்குத் திறந்துவிட்டது.

அண்டர்ரைட்டர் மொத்தமாக ஒரு விலைக்கு எடுத்து, சற்றுக் கூட்டி விற்கிறார். விற்காமல் தேங்கினால் நஷ்டம் அவருடையது. அந்த அண்டர்ரைட்டர் பேங்க்காகவே இருந்தால், முடிவெடுக்கும் அதிகாரம் தன் கையிலேயே இருக்கும் டிரஸ்ட் கணக்கில் அதைத் தள்ளிவிடும் ஆசை வரும். சட்டம் தடுப்பது இதைத்தான்.

தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஓசிசியின் விதி 9.12, அப்படிப்பட்ட டிரஸ்ட் பணத்தைக் கொண்டு வங்கி தன்னிடமிருந்தோ தன் துணை நிறுவனத்திடமிருந்தோ (அதே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம்) எதையும் வாங்கக் கூடாது என்கிறது. டிரஸ்ட் பத்திரமோ நீதிமன்ற உத்தரவோ பொருந்தும் சட்டமோ அனுமதித்தால் மட்டும் விலக்கு. சில மாநிலச் சட்டங்கள் அந்த அனுமதியைத் தருகின்றன. 1987-இல் ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் சேர்ந்த 23பி பிரிவு இன்னொரு பூட்டு. துணை நிறுவனம் முதன்மை அண்டர்ரைட்டராக இருக்கும் பாண்டை, அதை விற்கச் சேர்ந்த அண்டர்ரைட்டர்களின் குழு கலையும்வரை வங்கி வாங்கக் கூடாது; வாங்க வேண்டுமானால், பாண்டு பொதுமக்களிடம் விற்பனைக்கு வருமுன்பே இயக்குநர்களில் பெரும்பான்மையினர் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அப்போதும் டிரஸ்ட் பணத்துக்கு முன்சொன்ன அனுமதி தனியாக வேண்டும்.

சரி, உங்கள் கணக்கில் நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டேட்மென்ட்டில் பாண்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பாண்டை அடையாளம் காட்டும், எண்ணும் எழுத்துமாக ஒன்பது இடங்கள் கொண்ட க்யூசிப் குறியீடு இருக்கும். அதை முனிசிபல் பாண்டு விவரங்களைத் தரும் எம்மா (EMMA) இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே வெளியீட்டு ஆவணத்தின் முதல் பக்கத்தில், கீழ்ப்பகுதியில் அண்டர்ரைட்டர்களின் பெயர்கள் இருக்கும். உங்கள் பேங்க்கின் பெயரோ அதன் துணை நிறுவனத்தின் பெயரோ அங்கே இருந்து, வாங்கிய தேதியும் வெளியீட்டை ஒட்டியே இருந்தால், எந்த அனுமதியின் பேரில் வாங்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே பாண்டு அந்த நாட்களில் கைமாறிய விலையும் அங்கேயே தெரியும்; ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிதாக டிரஸ்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "டிரஸ்டியோ அதன் துணை நிறுவனமோ அண்டர்ரைட் செய்யும் பத்திரங்களையும் வாங்கலாம்" என்ற பொருளில் ஒரு வரி பேங்க் தரும் மாதிரி டிரஸ்ட் பத்திரத்தில் இருக்கலாம். அந்த ஒரு வரியில் மேலே சொன்ன தடைகளில் பெரும்பகுதி தளர்ந்துவிடும். வேண்டாமென்றால் கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஓய்வூதியக் கணக்கு. அங்கே ஓய்வூதியப் பணத்தைப் பாதுகாக்கும் 1974-இன் எரிசா சட்டம் இன்னும் கறாரானது. முனிசிபல் பாண்டின் வட்டிக்குப் பொதுவாக ஃபெடரல் வருமான வரி இல்லை என்பதால் அதன் வட்டி விகிதமே குறைவு. ஏற்கெனவே வரிச் சலுகையுள்ள கணக்கில் அதைப் போட்டால் குறைந்த வட்டிதான் மிச்சம். அப்படி ஏதும் கண்ணில் பட்டால், காரணம் கேட்காமல் விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் டிரஸ்ட் பத்திரத்தின் நகலையும் ஸ்டேட்மென்ட்டையும் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு அலுவலகத்தார்