அமோனியா எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆற்று நீரில் உள்ள அமோனியாவை ஓசோன் கொண்டு நீக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பக்கத்தில் ஆறு கெட்டதைப் பற்றி எழுதினால் சாயம், உப்பு என்பதோடு நின்றுவிடுவார்கள். அமோனியாவையும் கவனித்ததற்கு நன்றி. ஆனால் ஓசோனைத் தண்ணீருக்குள் விட்டவுடன் அமோனியா எரிந்து காணாமல் போய்விடும் என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தது. பவானிக் கரையில் முப்பது வருடம் குடிநீர் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அமோனியாவிடம் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு சித்திரை மாதம், ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு அரைக் கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்து விடுவது எங்கள் வழக்கம். கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஓ.டி. மருந்து ஒரு சொட்டு விட்டால் உடனே மஞ்சள் வர வேண்டும். அன்றைக்கு வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சோதனைக் குழாய் நல்ல மஞ்சளாக இருந்தது. சரி, குளோரின் இருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டோம். மறு வாரம் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். அப்புறம்தான் ஒரு பொறியாளர் விளக்கினார். உடனே வரும் மஞ்சள்தான் உருப்படியான குளோரின். நேரம் கழித்து ஏறும் மஞ்சள் அமோனியாவோடு கூடிக்கொண்ட குளோராமின், கிருமியைக் கொல்வதில் அது படு மந்தம். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நாங்கள் ஏமாந்துவிட்டோம்.

அந்த அமோனியாவைக் குளோரினைக் கொண்டே தீர்க்கலாம். ஆனால் ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனுக்கு (அமோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடை) நடைமுறையில் 8 முதல் 10 பங்கு குளோரின் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் அந்த லட்சம் லிட்டரில் 200 கிராம். அதற்குக் குளோரின் 2 கிலோ, பிளீச்சிங் பவுடராகப் போட்டால் ஆறேழு கிலோ. அரைக் கிலோ போட்டுப் பழகிய கைக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் அமோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

எனவே ஓசோன் பக்கம் கண் போவது நியாயம்தான். பிரான்சின் நீஸ் நகரத்தில் 1906 முதலே குடிநீருக்கு ஓசோன் விட்டிருக்கிறார்கள். கிருமிக்கும் நிறத்துக்கும் வாடைக்கும் அது கெட்டிக்கார மருந்து. ஆனால் அமோனியாவிடம் அதன் பாச்சா பலிப்பதில்லை. காரணம் தண்ணீரின் அமில-கார அளவு, அதாவது பி.எச். பி.எச். 7 அளவில் உள்ள சாதாரண ஆற்று நீரில் அமோனியா 99 சதவீதத்துக்கும் மேல் அமோனியம் அயனியாகக் கிடக்கும். ஓசோன் அதைத் தொடாது. பி.எச். 9.25-க்கு ஏறினால்தான் பாதியாவது தனி அமோனியாவாக மாறும். அந்தத் தனி அமோனியாவோடும் ஓசோன் ஆற அமரத்தான் சேரும். அதற்குள் தண்ணீரில் உள்ள மற்ற அழுக்கு ஓசோனைத் தின்று தீர்த்துவிடும்.

இங்கேதான் ஓசோனை அமோனியாவோடு சேர முடுக்கிவிடும் வினையூக்கி வருகிறது. மெக்னீசியம் ஆக்சைடு வேகமாக வேலை செய்யும், ஆனால் அமோனியாவில் பெரும்பகுதி நைட்ரேட்டாகித் தண்ணீரிலேயே தங்கிவிடும். கோபால்ட் ஆக்சைடு மெதுவானது, ஆனால் பெரும்பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். கோபால்ட் தண்ணீரில் கரைந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அது தனிக் கவலை. புரோமைடு சேர்க்கும் வழியும் உண்டு. ஆனால் அமோனியா தீர்ந்த பிறகும் ஓசோனை விட்டுக்கொண்டே இருந்தால் புரோமேட் என்ற நச்சு உண்டாகும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம்தான் விட்டு வைத்திருக்கிறது.

நைட்ரேட்டா, வாயுவா என்பதில்தான் செலவும் இருக்கிறது. ஒரு கிராம் நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டாக ஏறக்குறைய 14 கிராம் ஓசோன் வேண்டும். வாயுவாக வெளியேறினால் 5 கிராம் போதும். தினம் ஒரு கோடி லிட்டர் எடுக்கும் ஊரில், அதே 2 மில்லிகிராம் கணக்குக்கு, 275 கிலோ ஓசோன் எங்கே, நூறு கிலோ எங்கே! ஒரு கிலோ ஓசோன் செய்ய இயந்திரம் மட்டுமே பத்து யூனிட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். ஓசோனைச் செய்து சிலிண்டரில் அடைத்து வைக்கவும் முடியாது, அங்கேயே செய்து அப்போதே விட வேண்டும். மின்சாரம் போனால் மருந்தும் போச்சு.

நைட்ரேட் ஆனால் என்ன என்று கேட்கலாம். 2 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் 9 மில்லிகிராம் நைட்ரேட்டாகும், வரம்பு 45. ஆற்றுத் தண்ணீர் மட்டும் குடிப்பவருக்குப் பாதகமில்லை. ஆனால் இங்கே பல ஊர்களில் ஆற்றுத் தண்ணீர் போதாமல் போர்த் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள். கோவை, திருப்பூர்ப் பக்கம் பல போர்களில் ஏற்கெனவே நைட்ரேட் வரம்பைத் தாண்டிக் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் என்றால் நாக்கு கண்டுபிடித்துவிடும், நைட்ரேட்டை நாக்கு கண்டுபிடிக்காது.

அமோனியா எங்கிருந்து வருகிறது என்றும் கட்டுரையில் இரண்டு வரி இருந்திருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து, பவானி ஆறு காவிரியில் சேரும் கூடுதுறை வரை ஆற்றங்கரை ஊர்களின் சாக்கடை ஒன்று. துணியில் பிரிண்டிங் போடும்போது சேர்க்கும் யூரியா இன்னொன்று, அது கழிவில் சிதைந்து அமோனியாவாகும். தோல் பதனிடும்போது சுண்ணாம்பை எடுக்க அமோனியம் உப்பைத்தான் போடுகிறார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு 2011-இல் உயர் நீதிமன்றம் போட்ட பூட்டு நினைவிருக்கும். அந்தப் பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் உப்பையும் நிறத்தையும் வைத்துப் பேசப்பட்டது, நைட்ரஜனைப் பற்றிப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை. அமோனியாவைப் பட்டறையிலேயே, தண்ணீர் குறைவாகவும் அது கெட்டியாகவும் இருக்கும்போது பிடித்தால் ஓசோனுக்கும் வேலை எளிது. ஆற்றில் கலந்த பிறகு கோடி லிட்டரில் தேட வேண்டியிருக்கிறது.

எந்த ஊராவது இந்த இயந்திரத்தை வாங்கப் போகிறது என்றால் தங்கள் நிருபர் ஒரே ஒரு கணக்கைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும்: உள்ளே போன நைட்ரஜன் எவ்வளவு, வெளியே வந்த தண்ணீரில் அமோனியாவாக எவ்வளவு, நைட்ரேட்டாக எவ்வளவு, மீதி எங்கே? அமோனியா குறைந்த கணக்கை மட்டும் காட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். சோதனையை ஐப்பசியில் ஆறு கரை தொட்டு ஓடும்போது வைக்க வேண்டாம். சித்திரையில், அதே முழங்கால் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பணியாளர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.