எந்த வேலைய எடுக்கதுன்னு கேட்டேல்ல

மக்களே,

ரெண்டு ஆஃபரும் கையில இருக்கு எதை எடுக்கட்டும்னு நீ போன்ல கேட்டப்பம் உனக்கு இஷ்டமுள்ளதை எடுன்னு சொல்லி வச்சுட்டேன், அம்மை பக்கத்துல நின்னுக்கிட்டு எந்த ஊரு எந்த ஊருன்னு கேட்டுட்டே இருந்தா, அந்தச் சத்தத்துல ஒண்ணும் ஓடல்ல. இப்பம் யோசிச்சாச்சு. அந்த வலிப்பு நோய் ஸ்கேன் வேலைய எடு. எஃப்எம்ஆர்ஐன்னு மூளைய ஸ்கேன் எடுத்து ஆராய்ச்சி பண்ணுத உங்க பழைய லேப்ல, பிஎச்டிக்குப் பிறகு பாக்க அந்த போஸ்ட்டாக் வேலைய இன்னும் நீட்டித் தாரோம்னு சொல்லுதாவல்லா, அது வேண்டாம். சம்பளம் அங்க கூடுதல்னு தெரியும், பேரும் அங்கதான் பெருசு, இருந்தாலும் வேண்டாம்.

நீ சொல்லித் தந்ததை வச்சுத்தான் சொல்லுகேன். எஃப்எம்ஆர்ஐ படத்துல சிவப்பா எரியது மூளை யோசிக்கதை நேரா பிடிச்ச படம் இல்ல, அந்த இடத்துக்கு ரத்தம் கூடி ஆக்சிஜன் மாறுததைத்தான் மெஷின் பிடிக்கு, அதுவும் அஞ்சாறு செகண்ட் பிந்தித்தான் உச்சத்துக்கு வரும். பிறகு மூளைய லட்சம் குட்டிக் கட்டமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் மாற்றம் உண்டான்னு கணக்கு டெஸ்ட் போடுவாவ, அவ்வளவு டெஸ்ட் போட்டா சும்மா இருக்க கட்டத்துலயும் சிலது எரியத்தான செய்யும். 2009ல ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனர்ல வச்சு, மனுசங்க போட்டோவக் காட்டி, இந்த ஆளுக்கு என்ன மனநிலைன்னு கேட்டாவளே, அதுக்க மூளையிலயும் சிவப்பு எரிஞ்சுச்சு, கணக்கை ஒழுங்காத் திருத்தின பிறகுதான் போச்சு. நீ அதைச் சொன்ன அண்ணைக்கு அம்மை, நல்ல மீனை வீணாக்கிட்டானுவளேன்னு வருத்தப்பட்டா. சரி, அது பழைய கதை. 2020லயும் ஒரே டேட்டாவ 70 டீமுக்குக் குடுத்து 9 கேள்வி கேட்டதுல ரெண்டு டீம் கூட ஒரே வழியில கணக்கு போடல்ல, பல கேள்விக்கு பதிலும் ஆளுக்கு ஒண்ணு. மூளைப் படத்தையும் ஆளுக்க குணத்தையும் முடிச்சு போடணும்னா ஆயிரக்கணக்குல ஆள் வேணும்னு 2022ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகையில ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தாச்சு. உங்க லேப்ல எத்தன பேர ஸ்கேன் பண்ணி வச்சிருக்காவ? நாப்பது வராதுன்னு நீதான சொன்ன.

எஃப்எம்ஆர்ஐயே வேஸ்ட்டுன்னு நான் சொல்லல்ல கேட்டியா. ஆபரேஷனுக்கு முன்ன பேச்சு எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்கதுக்கு அதைத்தான எடுக்காவ.

நான் மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில இத்தன வருஷம் பாத்ததும் கடல் மணல்ல இருந்து தாதுவத் தனித்தனியாப் பிரிக்க வேலைதான். இல்மனைட்டை காந்தம் சட்டுனு இழுக்கும், கார்னெட்டு அதுக்குக் கொஞ்சம் கீழ, மோனசைட் லேசாத்தான் ஒட்டும், சிர்கான் திரும்பியே பாக்காது. காந்தத்துக்க பலத்தை ஒரு பொட்டு மாத்துனாலும் வேற மணலு கூட வந்துரும், பாத்தா ஒண்ணும் தெரியாது, கருப்பா அழகாத்தான் விழும். ஆனா சாம்பிள் லேபுக்குப் போகும், அங்க இருந்து சீட்டு வரும், இதுல இவ்வளவு கலப்புன்னு. அந்தச் சீட்டு இல்லேன்னா நாங்க எல்லாரும் கெட்டிக்காரனுவதான். உங்க லேப்ல உனக்கு அந்தச் சீட்டைத் தாரது யாரு?

வலிப்பு வேலையில சீட்டு உண்டு. கம்ப்யூட்டர் இங்க கோளாறுன்னு ஒரு இடத்தைக் காட்டும், டாக்டர்மாரு மத்த டெஸ்டும் பாத்து அதை வெட்டி எடுத்தா மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாப்பாவ, பிறகு அந்தப் பிள்ளைக்கு வலிப்பு நின்னுச்சா இல்லையான்னு வருஷக்கணக்குல பாப்பாவ. நீ தப்பா சொல்லியிருந்தா தெரிஞ்சுரும். தக்கலை சித்தப்பாக்க பேரனுக்கு மொதல்ல எடுத்த ஸ்கேன்ல நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாவ, பிறகு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, வலிப்புக்குன்னே உள்ள முறையில மெல்லிசு மெல்லிசா எடுத்துப் பாத்தப்பந்தான் ஒரு இடத்துல மூளைக்க மேல்பட்டை கொஞ்சம் தடிச்சு, மூளையில சாம்பல் நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேருத ஓரம் மங்கலா இருக்குன்னு கண்டுபிடிச்சாவ. ஒரு மடிப்புக்குள்ள ஒளிஞ்சு கிடந்துச்சு. பெத்தவங்க அதுவரைக்கும் போவாத கோயில் இல்ல.

லண்டன்காரங்க 23 ஆஸ்பத்திரியில இருந்து 1185 பேருக்க ஸ்கேனைச் சேத்து, இந்த மாதிரி கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு ஏஐ செஞ்சிருக்காவளே, 2025ல வந்தது, டாக்டர் கண்ணுக்குத் தப்புன கோளாறுல 64 சதவீதத்தை அது பிடிச்சுதாம். அப்பம் மிச்சம் 36 இன்னும் கிடக்கு. ஒண்ணும் இல்லாத இடத்தையும் அது சில நேரம் காட்டும்னு நீ சொல்லியிருக்க, ஒரு பிள்ளைக்க தலையத் திறக்கணுமா வேண்டாமான்னு வரும்போது அது சின்ன விஷயமா. நீ போயி உக்காரதுக்கு அங்க இடம் இருக்கு.

ஊருல, டாக்டர் பட்டம் வாங்கிட்டு ஊசி போடத் தெரியாதான்னு கேக்கவங்க கேட்டுட்டுதான் இருப்பாவ, அது எனக்குப் பழகிட்டு. கல்யாணப் பேச்சை அம்மைட்ட நான் பாத்துக்கிடுதேன். லோனு அடைஞ்சுரும், அதை நினைச்சு நீ சம்பளக் கணக்கு போடாண்டாம்.

கையெழுத்து போடதுக்கு முன்ன அவங்ககிட்ட ஒண்ணு கேளு, ஆபரேஷன் கழிஞ்ச பிறகு உள்ள ரிப்போர்ட்டும், அந்த நோயாளி எப்படி இருக்காருன்னுள்ள விவரமும் உன் கைக்கு வருமா, இல்ல வெறும் படத்தை மட்டும் தந்து கோளாறு உள்ள இடத்தைச் சுத்தி கோடு போட்டுத் தான்னு சொல்லுவாவளா. ரெண்டாவதுன்னா நான் இவ்வளவு எழுதினது வீண், பழைய லேப்லயே இரி. பதில் வந்ததும் கூப்பிடு, ஒம்பதுக்கு மேல கூப்பிடு, அதுக்கு முன்ன போனு அம்மை கையில இருக்கும்.

அப்பா