கெர்ஷாவின் முதல் ஆண்டுகள்: வாக் கணக்கையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேஸ்பாலின் இடதுகைப் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷாவின் ஓய்வையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அவருடைய தொடக்க ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிட்டது: 20 வயதில் வந்தார், 23 வயதில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

ஸ்ட்ரைக் அவுட்டை, அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவதை, வைத்து அவர் வளர்ச்சியை அளக்க முடியாது. (மூன்று அவுட் எடுத்தால் பிட்சருக்கு ஓர் இன்னிங்ஸ்.) 2009இல் 171 இன்னிங்ஸில் 185 ஸ்ட்ரைக் அவுட். விருது வாங்கிய 2011இல் 233.1 இன்னிங்ஸில் 248. ஒன்பது இன்னிங்ஸுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 9.7, 9.6. பெரிய மாற்றம் இல்லை. மாறியது வாக். நான்கு பந்துகள் ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவாரே, அதுதான். 2009இல் 91 வாக், 2010இல் 81, 2011இல் 54.

91 வாக் என்றால் குறைந்தது 364 பந்துகள் ஒரு அவுட்கூடத் தராமல் வீணாயின. தொடக்கப் பிட்சருக்கு ஓர் ஆட்டத்தில் சுமார் 100 பந்துகள்தான் அளவு. அதனால் 2009இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு இன்னிங்ஸைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் சேர்ந்த ரன் 2.79தான். ஆனாலும் வெற்றி 8, தோல்வி 8. ஆறாவது இன்னிங்ஸிலேயே வெளியேறினால் மிச்ச ஆட்டம் அடுத்தவர் கையில். 2011இல் சராசரி ஏழு இன்னிங்ஸைத் தாண்டியது. 21 வெற்றி, 5 தோல்வி.

வாக் ஏன் அவ்வளவு? 2006இல் டாட்ஜர்ஸ் அணி டல்லாஸ் பள்ளி மாணவரான அவரை டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) ஏழாவது தேர்வாக எடுத்தபோது, ஃபுளோரிடாவின் தொடக்கநிலை லீக்கில் 37 இன்னிங்ஸில் 5 வாக் மட்டுமே. மறு ஆண்டு மைனர் லீக் எனும் கீழ்நிலைப் போட்டிகளில் மிச்சிகனில் சிங்கிள் ஏ, பிறகு ஜாக்சன்வில்லில் அதற்கு மேல்படியான டபுள் ஏ. 122 இன்னிங்ஸில் 67 வாக். கீழ்நிலையில் கண்டதற்கெல்லாம் மட்டை வீசுவார்கள். மேலே போகப் போக, வெளியே விழும் பந்தை விட்டுவிடுவார்கள்.

அவர் கர்வ்பால் அழகானது. கடிகாரத்தில் 12இலிருந்து 6க்கு இறங்குவதுபோல நேராகக் கீழே விழும். ஆனால் ஃபாஸ்ட்பாலைவிட மிக மெதுவாக வரும்; கையை விட்டதும் மேலெழும்பும். கண்ணுள்ள பேட்டர் அங்கேயே அடையாளம் கண்டுகொள்வார். அது ஸ்ட்ரைக் ஆகாத நாளில் ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருந்தாலே போதும். ஃபாஸ்ட்பால்போலத் தோன்றி மெதுவாக வரும் சேஞ்ச்அப் அவருக்குக் கடைசிவரை சரியாகப் படியவில்லை. 2009இல் கற்ற ஸ்லைடர்தான் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. ஃபாஸ்ட்பால் வீசும் அதே கைவேகம், அதே உயரத்தில் விடுதல். பாதி தூரத்துக்கு மேல் வந்த பிறகே வலதுகை பேட்டரின் முழங்காலை நோக்கி உள்ளே சறுக்கும். வேகமும் ஃபாஸ்ட்பாலுக்கும் கர்வ்பாலுக்கும் நடுவில். பேட்டரால் இனி காத்திருக்க முடியாது. வெளியே போகும் பந்துக்கும் மட்டை வீசத்தான் வேண்டும்.

இன்னிங்ஸை ஏற்றிய விதத்தையும் கவனியுங்கள். 2006 முதல் ஆண்டுவாரியாக, மைனர் லீக்கையும் சேர்த்து 37, 122, சுமார் 169, பிறகு 171, 204.1, 233.1. 2008 மே 25 அன்று செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக அறிமுகமானார். ஆறு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக் அவுட். அப்படி வீசியவரையே ஜூலையில் மூன்று வாரம்போல டபுள் ஏக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதைச் சறுக்கலாகப் பார்ப்பது தவறு என்பேன். கால் களைத்தால் முழங்கை தாழும். முழங்கை தாழ்ந்தால் பந்தை விடும் இடம் மாறி வாக் கூடும். பந்துகளின் எண்ணிக்கையும் கூடும். முழங்கை தசைநார் மேல் சுமை கூடும். 20 வயதுக் கையை இப்படிப் படிப்படியாக ஏற்றியதில் டாட்ஜர்ஸ் காட்டிய பொறுமை பாராட்டத்தக்கது.

கடைசியாக ஒரு திருத்தம். உங்கள் அட்டவணை 233.1 என்பதைத் தசமமாக எடுத்துக்கொண்டு 233 என்று முழுமையாக்கிவிட்டது. கிரிக்கெட்டில் 4.2 ஓவர் என்றால் 4 ஓவரும் 2 பந்தும். அதேபோல இது 233 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும். அடுத்த அட்டவணையில் ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பக்கத்திலேயே வாக் எண்ணிக்கையையும் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்