மூங்கில் பூத்தால் பஞ்சம் என்பது மூடநம்பிக்கையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இயற்கை விந்தைகள் பகுதியில், “மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பது மலைவாசிகளின் மூடநம்பிக்கை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

மிசோரம் வரலாறு தாங்கள் அறியாததல்ல. அங்கே ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் காடே மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். கொட்டிய விதையைத் தின்று எலி பெருகும். விதை தீர்ந்ததும் அந்த எலிகள் வயலிலும் களஞ்சியத்திலும் இறங்கும். இதை முன்கூட்டியே சொல்லி 1958இல் அந்த மக்கள் உதவி கேட்டார்கள். அப்பகுதியை அன்று ஆண்ட அசாம் அரசும் மூடநம்பிக்கை என்றுதான் தட்டிக்கழித்தது. 1959இல் பஞ்சம் வந்தது. பட்டினியைப் போக்கத் தொடங்கிய அமைப்பே மிசோ தேசிய முன்னணியாகி 1966இல் ஆயுதம் ஏந்தியது. 1986இல்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது.

கூடலூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். அங்கே மூங்கில் பூத்த ஆண்டு, என் வகுப்பில் படித்த பணியர் பழங்குடிப் பிள்ளைகள் சில நாள் பள்ளிக்கு வரவில்லை. தேடிப் போனேன். புதருக்கடியில் சருகைப் பெருக்கித் தள்ளிவிட்டு, இரவில் உதிர்ந்த மூங்கில் விதையை, அதாவது மூங்கில் நெல்லை, முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் பாட்டி இரண்டு கை அள்ளி என் முந்தானையில் போட்டு, “இனி நான் இதைப் பார்க்க மாட்டேன், டீச்சர்” என்றார். பூத்த மூங்கில் பட்டுப்போகும், விதை முளைத்து மறுபடி பூக்க நாற்பது ஆண்டாவது ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

பறம்புமலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகளில் கபிலர் முதலில் சொன்னது இந்த மூங்கில் நெல்லைத்தான். அதையே சென்ற ஆண்டு மூட்டுவலிக்கு அருமருந்து என்று போட்டீர்கள். ஆதாரம் கேட்டு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. அதை நம்பி என் அக்காள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அவள் கடையில் வாங்கிவந்த ‘மூங்கில் அரிசி’ப் பொட்டலத்தை ஊறவைத்தால் தண்ணீர் பச்சையாகிறது, அடியில் வெறும் நொய் வெளுத்துக் கிடக்கிறது. யாரோ கிளப்பிவிட்டது மருந்து, தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டது மூடநம்பிக்கை என்றால் எப்படி ஐயா?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதில் ‘மலைவாசிகள்’ என்று போடாமல், மிசோ மக்கள் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.