நாம் கேட்டு வாங்கிய கல்: மீனவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

ஊர்த் தலைவருக்கும் ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். பிள்ளைகளின் படிப்பு உதவி, தடைக்கால நிவாரணப் படிவம் எல்லாம் வழக்கம்போல நடந்தன, யாருக்காவது விட்டுப் போயிருந்தால் அவரைப் பாருங்கள். நான் கரையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த வருஷம் கூடிய கூட்டங்களில் பாதிக்கு மேல் அதற்காகத்தான் கூடினோம்.

தை மாதம் வடக்குக் குப்பத்து நாட்டார்கள் ஆறு பேர் நம் சங்கத்துக்கு வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. அதில் பெரியவர் ஒருவர், "உங்க தூண்டில் வளைவு வந்தப்புறம் எங்க கரை நிக்கல தம்பி, மூணு வீடு போச்சு" என்று மட்டும் சொன்னார். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல்லைத்தான் தூண்டில் வளைவு என்கிறோம். நம்மில் யாருக்கும் பதில் வரவில்லை. ஏனென்றால் தெற்கே கல் கொட்டியபோது நாமும் இதே பேச்சோடுதான் அந்த ஊருக்குப் போனோம். அப்புறம் நாமும் மனு கொடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து, நமக்கும் கல் வாங்கினோம், கரையோரச் சுவருக்கும் தூண்டில் வளைவுக்கும். அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இளைஞர்களுக்காக ஒன்றை விளக்கமாக எழுதுகிறேன். நம் கடலில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. பங்குனி தொடங்கி ஐப்பசி வரை தெற்குக் காற்றில் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வாடை பிறந்ததும் கொஞ்சம் தெற்கே திரும்பும், கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லை நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் வராது. ஆனால் கடல் அங்கே இருக்கிற மணலை எடுத்துக்கொண்டு போவதை நிறுத்தாது. சென்னைத் துறைமுகம் 1870-களில் கட்டத் தொடங்கியபின் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் போட்டார்கள். மணலைத் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே விடும் ஏற்பாடும் அந்தத் திட்டத்தில் இருந்தது, அது தொடர்ந்து நடந்திருந்தால் இந்த அறிக்கையே வேறு மாதிரி இருந்திருக்கும். நகரத்துக் கடற்கரை கரைந்தது, சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள், கல் முடிந்த இடத்தில் அடுத்த ஊரைக் கடல் பிடித்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று படிப்படியாக வடக்கே ஏறி வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு, இந்தப் பக்கம் ஒரு அரசு. மணலுக்கு அந்த எல்லை கிடையாது.

சரி, கல் நம்மைக் காக்கவில்லையா என்று சித்திரைக் கூட்டத்தில் பலர் கோபமாகக் கேட்டார்கள். காத்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அந்தக் கல் இல்லையென்றால் கோயிலுக்கு முன்னால் இருக்கிற வரிசை வீடுகள் நின்றிருக்காது. அதைப் பிடுங்கிப் போடச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கல்லுக்கு நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடியில் இருக்கிற மணலை வாரிக்கொண்டு போகிறது, கல் உள்ளே இறங்குகிறது, மறுபடி மேலே கொட்ட வேண்டியிருக்கிறது. சுவருக்கு முன்னால் இப்போது கால் வைக்க மணல் இல்லை. கரைவலை இழுக்கிறதை நம் ஊர் விட்டேவிட்டது. படகை ஏற்ற இடமில்லாமல் பாதிப் பேர் வேறு ஊரில் கட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள். கருவாடு காயவைக்கிற அக்காமார்கள் தார்ச் சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரிக்கிறார்கள், லாரிப் புழுதி படிந்த கருவாட்டுக்கு வியாபாரி விலையைக் குறைக்கிறான். நஷ்டஈட்டுப் பேச்சில் இந்தப் பெண்கள் கணக்கிலேயே வரவில்லை. இது நம் சங்கத்தின் தவறும்தான், ஏனென்றால் மனு எழுதியபோது படகுக்காரர்களைத்தான் கேட்டோம். மாசியில் ஒரு விடியற்காலை பங்குனி ஆமை என்கிற கடலாமை ஒன்று கல் இடுக்கில் ஏறப் பார்த்து, துடுப்பு கீறிப்போய், முட்டை விடாமல் திரும்பியதை நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆடியில் வடக்குக் குப்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு தீர்மானம் போட்டோம். இனி நாம் தனியாகப் புதுக் கல் கேட்க மாட்டோம். இரண்டு ஊரும் ஒரே மனுவாக, துறைமுக வாயில் தூர்வாரும் மணலை வடக்குக் கரைகளில் கொட்ட வேண்டும், அதை ஒரு முறையோடு விடாமல் வருஷா வருஷம் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். புதுச்சேரியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியபின் தலைமைச் செயலகம் எதிரே மணல் திரும்பியதை நாம் போய்ப் பார்த்தோம். நல்லதுதான். ஆனாலும் அங்கே சேர்கிற மணல் யாருக்கு வராமல் போகிறது என்று முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மனுவை மூன்று அலுவலகங்களில் கொடுத்தோம். ஒன்றில் வாங்கிக்கொண்டார்கள். மற்ற இரண்டிலும் இது எங்கள் எல்லை இல்லை என்று சொன்னார்கள், விடாமல் மறுபடி போவோம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கோயில் படியிலிருந்து தண்ணீர் வரை வலைக்கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வருகிறோம். வடக்குக் குப்பத்திலும் அதே நாளில் அளக்கிறார்கள். கயிறு சங்கக் கட்டடத்தில் பீரோவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அளக்கிற பையன்களில் ஒருவனுக்கு மர்ச்சன்ட் நேவியில் வேலை கிடைத்துவிட்டது, அதனால் வருகிற பௌர்ணமிக்கு ஒரு ஆள் குறைகிறது. வர முடிந்தவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள்.