மேசையை அளந்து சொல், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேமிங் லேப்டாப் படத்தைப் பார்த்தேன். முதல் போனஸில் உனக்கென்று ஒன்று வாங்கப் போகிறாய், அம்மாவுக்கும் எனக்கும் அவ்வளவு சந்தோஷம். பணம் கட்டுவதற்கு முன்னால் அப்பா சொல்வதைக் கொஞ்சம் கேள்.

நேற்று கடைக்கு ஒரு காலேஜ் பையன் அதே மாதிரி லேப்டாப் கொண்டுவந்தான். வாங்கி இரண்டு வருஷம்தான். கேம் போட்டால் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடுகிறதாம். பின்மூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. இடுக்கியால் இழுத்தேன், ஒரே துண்டாக வந்தது. பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தப் பூசுகிற பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. காசிமேட்டுக் கடல் காற்று வேறு, ஸ்க்ரூவெல்லாம் துரு. சரி, சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். கிராபிக்ஸ் சிப் போயிருந்தால் என்ன செய்வான்? அது போர்டோடு பற்றவைத்தது, தனியாகக் கழற்றி மாற்ற வழியில்லை.

நீ காட்டியதில் கிராபிக்ஸ் சிப் ஆர்டிஎக்ஸ் 4070 என்று போட்டிருக்கிறது. பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு. டெஸ்க்டாப்பில் மாட்டும் கிராபிக்ஸ் கார்டில் 12 ஜிபி மெமரி, லேப்டாப்பில் 8தான். கணக்குப் போடும் கோர்களும் 5,888க்குப் பதில் 4,608.

கன்சோலையும் கேட்டிருந்தாய். டிவி முன்னால் சாய்ந்துகொண்டு ஆடுகிறவர்களுக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் நீ ராத்திரியில் ஆடுவது வாலரண்ட், நம் தெருப் பையன்களோடு. 2024இல் அது கன்சோலுக்கும் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கன்சோலில் ஆடுகிறவனும் பிசியில் ஆடுகிறவனும் ஒரே மேட்சில் சேர முடியாது. நம் தண்டையார்பேட்டைப் பையன்கள் எல்லாருமே பிசி. நீ கோயம்புத்தூர் போனதிலிருந்து அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்குள் மிச்சம். அதை விட்டுவிடாதே.

அதனால் டெஸ்க்டாப் போடுவோம். வாலரண்டுக்கு 4070 எல்லாம் தேவையே இல்லை. இப்போதைக்கு நடுத்தரக் கார்டு போதும், பெரிய கேம் ஆடத் தோன்றினால் அப்புறம் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கரன்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் நல்லதாக இருக்க வேண்டும், சின்னதாக ஒரு யூபிஎஸ்ஸும். நீ இன்னும் ஹாஸ்டலில் இருந்திருந்தால் நானே லேப்டாப் வாங்கச் சொல்லியிருப்பேன். இப்போது வீடு எடுத்து, பதினோரு மாச அக்ரிமென்ட்டும் போட்டாயிற்று. ஆபீஸ் வேலைக்கு அவர்கள் கொடுத்த லேப்டாப் இருக்கிறது.

ரிச்சி தெருவுக்கு நானே போய்ச் சாமான் வாங்கி, நம் கடையில் பூட்டி, இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்க்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. கார்டைக் கழற்றித் தனியாகப் பேக் பண்ணித் தருவேன், ரயில் குலுக்கலை ஸ்லாட் தாங்காது. எப்படி மாட்டுவது என்று வரும்போது காட்டுகிறேன்.

உன் ரூம் மேசை எத்தனை அடி, பிளக் பாயின்ட் எந்தப் பக்கம் என்று அளந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா